கைப்பிடியின் தொடர்ச்சி

கொக்கு செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். போய்ச் சொன்னான்.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. படகுத்துறையில் பாதிப் படகுகள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவன் சுபாவம் வேறு. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால், இறங்குகிற இடம் வந்த பிறகும் படியில் நின்று ஞாபகப்படுத்துகிற ஆள். நெடுநெடுவென்று வளர்ந்து, கழுத்தை முன்னால் நீட்டியபடி படகின் முனையில் அசையாமல் நிற்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர்தான் கொக்கு. பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவனுடையது சின்ன மீன்பிடிப் படகு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபைபர் பெட்டி நிற்கும். கன்சோல் என்பார்கள். அதில் கார் ஸ்டியரிங் மாதிரி ஒரு சக்கரம். சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் படகின் அடிவழியாகப் பின்னால் போய், அங்கே தொங்குகிற எஞ்சினைத் திருப்பும். அதாவது, திருப்ப வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் துருப்பிடித்த அந்தக் கேபிள், சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தனக்குப் பிடித்த பக்கம் போகப் பழகியிருந்தது. ஒருநாள் துறைமுகச் சுவரைப் பார்த்து நேராகப் போன படகு, கொக்கு சக்கரத்தோடு மல்லுக்கட்டிக் கட்டி, சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டான்.

அவன் மனைவியின் தம்பி எஞ்சின் மெக்கானிக். அவன் வந்து கேபிளை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சக்கரம் எதுக்கு மாமா? எஞ்சின்லயே ஒரு கைப்பிடி மாட்டிடலாம். பின்னாடி உக்காந்து கையால திருப்புங்க. துருப்பிடிக்கறதுக்கு நடுவுல ஒண்ணுமே இருக்காது."

ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது. கழற்றிய கன்சோல் தள்ளுவண்டியில் வீடு வந்து சேர்ந்து, குளியலறைக்குப் பக்கத்தில் நின்றது. சக்கரத்தின் மேல் அம்மா துண்டு காயப்போட்டாள். படகோ, கொக்கு நினைத்த பக்கம் நினைத்த நேரத்தில் போனது. நடுவில் கிடைத்த இடத்தில் இன்னொரு ஐஸ் பெட்டியும் வைத்துக்கொண்டான். பிடிபட்ட மீன் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை விறைப்பாக இருந்ததில், அதை விற்கும் மனைவிக்கும் திருப்தி.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கொக்குக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகி, யார் மேலாவது மோதிவிட்டால்? பதிவில் சக்கரம் இருக்கிறது, படகில் இல்லை. மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். மனைவி, வேலியில் போகிறதை ஏன் எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினான்.

படகுகளைப் பதிவு செய்கிற கலன் நெறிமுறை அலுவலகம் மேட்டில் இருந்தது. கடல் கண்ணில் படாதபடி எல்லா ஜன்னல்களும் மறுபக்கம் பார்த்திருந்தன. திசைமாற்றப் பிரிவின் அதிகாரி உருண்டையான, மரியாதையான மனிதர். கொக்கு சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்று கை குலுக்கினார். இந்த நாற்காலிக்கு வந்ததிலிருந்து தானாக வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். மணியடித்துப் பக்கத்து அறைக்காரர்களை எல்லாம் வரவழைத்தார். அவர்களும் வந்து கொக்கைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"எஞ்சினுக்குச் சான்றிதழ் இருக்கு. கைப்பிடிக்கும் இருக்கு. சந்தோஷம். அந்தக் கைப்பிடி எதோட முடியுது?"

"முனையில ரப்பர் பிடி இருக்குங்க."

"ரப்பர் பிடி தானாத் திரும்புமா?"

"இல்லீங்க. நான் புடிச்சுத் திருப்புவேன்."

"ஆக, உங்களோட முடியுது."

கொக்கு, சக்கரத்தையும் நான்தானே பிடித்துத் திருப்பினேன் என்று பணிவாகக் கேட்டான். அதிகாரி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார்.

"அப்ப நடுவுல கன்சோல் இருந்துச்சு. கன்சோலுக்கு அந்தப் பக்கம் மனுஷன், இந்தப் பக்கம் இயந்திரம். அதுதான் எல்லை. நீங்க அந்த எல்லையைக் கழட்டிக் கொண்டுபோய் வீட்டுல வெச்சுட்டீங்க. இப்ப மனுஷன் எங்க முடியறான், எஞ்சின் எங்க ஆரம்பிக்குது? எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

கொக்கு குனிந்து தன் கையைப் பார்த்தான். அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது.

ஒருதடவை படகில் ஏறிப் பார்த்தால் புரிந்துவிடும் என்றான். அதிகாரி லேசாகப் பதறினார். தான் இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை என்றும், ஏறிவிட்டால் படகுகள் மேல் ஒரு அபிப்பிராயம் வந்துவிடும், அப்புறம் நடுநிலையோடு முடிவெடுக்க முடியாது என்றும் விளக்கினார். இந்த அலுவலகத்தில் கடலைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தர் இருந்தாராம். அந்தக் காரணத்துக்காகவே அவரைக் கேன்டீனுக்கு மாற்றிவிட்டார்களாம்.

இருந்தாலும் ஆய்வு நடந்தது. அதிகாரி துறை மேடையில் குடை பிடித்து நின்றுகொண்டார். உதவியாளர் படகில் இறங்கி, கொக்கை எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வலது கையை டேப்பால் அளந்தார். முழங்கை எந்த அளவுக்கு மடங்குகிறது என்று மடக்கிப் பார்த்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸ் வைப்பீர்கள் என்று கேட்டார். கொக்கு, குளிக்கும்போது எண்ணெய் தேய்ப்பதுண்டு என்றான். உதவியாளர் திருப்தியோடு தலையாட்டினார்.

அறிக்கை அங்கேயே வாசிக்கப்பட்டது. கைப்பிடியின் தொடர்ச்சியாகச் சதையாலான ஓர் இணைப்புத் தண்டு பொருத்தப்பட்டுள்ளது. அதன் மறுமுனையில் பிரிக்க இயலாதபடி ஓர் ஆள் இணைந்துள்ளார். மேற்படி பாகத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை படகு அதன் சகல பாகங்களுடனும் முடக்கிவைக்கப்படுகிறது.

உதவியாளர் ஒரு நூலை எடுத்துக் கைப்பிடியில் ஒரு முனையும் கொக்கின் மணிக்கட்டில் ஒரு முனையுமாகக் கட்டினார். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். நல்ல சூடு.

"சார், நான் வீட்டுக்குப் போகணுமே" என்றான் கொக்கு.

"படகு வீட்டுக்குப் போகுமா?" என்று அதிகாரி அன்பாகக் கேட்டார்.

அது சாதாரணத் தையல் நூல். பல்லால் கடித்தால் அறுந்துவிடும். அவ்வளவுகூட வேண்டாம், வேகமாகத் தும்மினால் போதும். ஆனால் அரக்கின் மேல் முத்திரை இருந்தது. முத்திரையை உடைத்தால் ஜெயில் என்று உதவியாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதனால் கொக்கு தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். புரண்டு படுக்க முடியாமல் மல்லாந்து கிடந்து முதுகு பலகையாகிப் போனது. மனைவி சந்தையை முடித்துக்கொண்டு சாப்பாடு எடுத்துவந்து ஊட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அக்கா இப்படிச் செய்து பார்த்ததில்லை என்று மச்சான் சிரித்தான். கொக்குக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் அவர்கள் கையசைத்தார்கள். பிறகு, கட்டிப்போட்ட படகைப் பார்த்து யார் கையசைப்பார்கள்?

அடுத்து வந்தது பொறுப்புப் பிரிவு. அதன் அதிகாரி ஒரு பெண்மணி. கண்டிப்பானவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. விபத்து ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்பதுதான் தனக்கு முன்னால் இருக்கும் கேள்வி என்றார். என்ன நடந்தாலும் நானே பொறுப்பு, எழுதித் தருகிறேன் என்றான் கொக்கு. எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தான்.

"நீங்க எப்படிப் பொறுப்பாக முடியும்? நீங்க ஒரு பாகம். எங்கேயாவது ஒரு போல்ட் மேல கேஸ் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அப்ப ஆபீஸ்ல யாராவது..."

"இந்த ஆபீஸ்ல யாரும் பொறுப்பு ஏத்துக்கறதில்ல. அதுக்குத்தான் எங்க செக்‌ஷன் இருக்கு. பொறுப்பு யாரோடதுன்னு கண்டுபிடிக்கறது எங்க வேலை. கண்டுபிடிச்சதும் எங்க வேலை முடிஞ்சுது. அதனால நாங்களும் ஏத்துக்கறதில்ல." அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பாகத்துல கோளாறுன்னா, சட்டப்படி உற்பத்தியாளர்தான் பொறுப்பு. உங்க உற்பத்தியாளர் உயிரோட இருக்காங்களா?"

அப்படித்தான் கொக்கின் அம்மா அலுவலகத்துக்கு வரவழைக்கப்பட்டாள். நடந்ததை எல்லாம், கூடப் போயிருந்த மனைவி படகில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

உற்பத்தித் தேதியை அம்மா சரியாகவே சொன்னாளாம். தயாரிப்பின்போது ஏதாவது சிக்கல் இருந்ததா என்று கேட்டதற்கு, தலை பெரிசு, அதனால் கொஞ்சம் கஷ்டப்பட்டேன் என்றாளாம். தெரிந்த குறைபாடுகள் உண்டா என்ற கேள்வி வந்ததும் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள். ஈரத் தலையோடு தூங்குவான், சொன்ன பேச்சு கேட்கமாட்டான், இடது காது மந்தம், மருமகளைத் தவிர வேறு யாருக்கும் பயப்படமாட்டான் என்று ஆரம்பித்து, கேட்காமலே உண்மையைச் சொல்லித் தொலைப்பான் என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியாகச் சொன்னதை அதிகாரி சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்.

பழுதானால் மாற்றிக் கொடுப்பீர்களா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

"அந்தக் காலமெல்லாம் போச்சும்மா" என்றாளாம் அம்மா.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இதே மாதிரி வேறு தயாரிப்பு ஏதாவது வெளியில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. கொக்குக்கு ஒரு தம்பி. வெளியூரில் பஸ் ஓட்டுகிறான். அம்மா அதைப் பெருமையாகவே சொன்னாள். ஒரே இடத்தில் தயாரான, ஒரே மாதிரியான கைகள் பொதுமக்கள் நிறைந்த வாகனத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அவசர விஷயமாகக் கருதப்பட்டது. தம்பியின் பஸ் பாதி வழியில் மறிக்கப்பட்டது. பயணிகளை வெயிலில் இறக்கிவிட்டு, உற்பத்திக் குறைபாடு காரணமாகத் திரும்பப் பெறப்படுகிறார் என்று அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்களாம். தம்பி போனில் அண்ணியிடம் பேசிய பேச்சை மனைவி முழுவதும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, அவர் பொண்டாட்டி அழறாங்க என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குத்தான் கொக்கு தோற்றுப் போனான். அதுவரைக்கும் எங்கோ ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், நிதானமாக எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தான். மறுநாள் அதிகாரிக்குச் சொல்லியனுப்பினான். கைப்பிடி வேண்டாம். கன்சோலையே திரும்பவும் மாட்டிவிடுகிறேன். சக்கரம், கேபிள், எல்லாம் பழையபடி.

திசைமாற்ற அதிகாரி குடையோடு வந்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தாராளமாக மாட்டலாம் என்றார்.

"ஆனா, கழட்டற பாகத்தை என்ன பண்ணப் போறீங்க?"

"எந்தப் பாகம் சார்?"

"நீங்கதான்."

கழற்றிய பாகத்தை அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில் வைக்கலாம். உற்பத்தியாளரிடம் திருப்பி அனுப்பலாம். இல்லாவிட்டால் கழிவாக அறிவிக்கலாம். கிடங்கு இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. அம்மா தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவள் இருப்பது குடியிருப்புப் பகுதி, அங்கே படகு பாகங்களை வைக்கக்கூடாது. கன்சோல் அங்கே நின்றதற்கே தனியாக விளக்கம் கேட்டிருந்தார்கள். கடைசியில் கழிவு அறிவிப்பில் கொக்கு இடது கையால் கையெழுத்துப் போட்டான். உதவியாளர் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார். மணிக்கட்டு லேசானது. கையை உதறிப் பார்த்துக்கொண்டான். கழிவைக் கழிவுகளோடுதான் வைக்க வேண்டும் என்று அலுவலகத்துக்குப் பின்னால் கூட்டிப் போய், துருப்பிடித்த நங்கூரங்களுக்கும் வெடித்த மிதவைகளுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். வெயிலுக்கு ஒரு கிழிந்த பாயைப் போர்த்திக்கொண்டு கழிவுகளை விற்கிற ஏலத்துக்காக அவன் காத்திருந்தான்.

ஏலத்துக்குப் பழைய இரும்பு வியாபாரி ஒருத்தர் வந்திருந்தார். கொக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உள்ளே செம்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் நங்கூரத்தின் பக்கம் போய்விட்டார். மனைவி கை தூக்கினாள். அவளைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள் என்று கொக்கு நினைத்துக்கொண்டிருந்தபோது, திசைமாற்ற அதிகாரி கை தூக்கினார்.

"எங்க பயிற்சிக் கூடத்துக்கு" என்று கூட்டத்தைப் பார்த்து விளக்கினார். "புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு இவ்வளவு நல்ல உதாரணம் இனிமே கிடைக்காது. ஒரு ஸ்டூல் போட்டு, கையில ஒரு கைப்பிடியைக் குடுத்து உக்கார வெச்சுடலாம். சாப்பாட்டுக்கு ஒதுக்கீடு இருக்கு."

மனைவி கூட்டிக் கேட்டாள். அதிகாரியும் கூட்டினார். அவள் கையிலிருந்த வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் கொக்கு ஒரு நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி இன்னும் மேலே கேட்க வாயெடுத்தார். ஆனால் அந்தத் தொகைக்கு மேல் போக அவர் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டு ஆள் ஓடினார். மேலிடம் சாப்பிடப் போயிருந்தது. இவ்வளவு வருஷத்தில் அந்த அலுவலகத்தால் ஒருத்தருக்கு நன்மை நடந்தது அந்த ஒரு தடவைதான். சுத்தியல் விழுந்தது. கொக்கு மனைவிக்குச் சொந்தமானான்.

ரசீதில் ஒரு நிபந்தனை இருந்தது. வாங்கியவர் இப்பொருளை அதன் பழைய உபயோகத்துக்கு மறுபடி பயன்படுத்தக்கூடாது.

வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், புரண்டு புரண்டு தூங்கினான். ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே. மச்சான் கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கன்சோலை மாட்டி, இருக்கிற கேபிளுக்கே எண்ணெய் விட்டுக் கொடுத்தான். புதுக் கேபிள் போட்டால் அது ஒரு மாற்றம். மாற்றம் என்றால் மறுபடி மேட்டுக்குப் போக வேண்டும். கொக்கு படகைத் தொடக்கூடாது என்பதால் மனைவி சக்கரத்தைப் பிடிப்பது என்று முடிவானது. அதுவரைக்கும் அவள் பிடித்ததெல்லாம் தராசுதான். துறையில் இருந்த காவலர் ரசீதை வாங்கிப் படித்துவிட்டு, வாங்கிய பொருள் என்றால் சரக்குக் கணக்கில் வரும், சரக்கைக் கட்டாமல் ஏற்றக்கூடாது என்றார். அவரே ஒரு கயிறு எடுத்துக் கொடுத்தார். மனைவி கொக்கை ஐஸ் பெட்டியோடு சேர்த்துக் கட்டினாள். வலிக்கிறதா என்று காதோரம் கேட்டாள். இல்லை என்றான்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவன் சொல்லச் சொல்ல அவள் ஓட்டினாள். மோசமில்லை. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் அவளுக்கு ஒரு தைரியம்கூட வந்தது. கரை மெல்லியதாகத் தெரிகிற தூரத்தில், திருப்பு, வலை போடலாம் என்றான். அவள் திருப்பினாள். சக்கரம் திரும்பவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். கேபிள் இறுகிவிட்டது. படகு கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு எஞ்சினை அணைக்கத் தோன்றவில்லை. கொக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பின்னால் போய்க் கேபிளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் திருப்ப வேண்டும். கயிறும் ஒன்றும் இறுக்கமில்லை. ஆனால் அவன் முதலில் கரைப்பக்கம் திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். அப்படிப் பார்த்ததை நினைத்துப் பிற்பாடு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"என்னங்க, வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"பழைய உபயோகத்துக்கு..."

அவள் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து முடிச்சை அவிழ்த்தாள். "உங்களை ஏலத்துல எடுத்தது நானு. எதுக்கு வேணாலும் உபயோகிப்பேன். போய்ப் புடிங்க."

அவன் போனான். கேபிளைக் கழற்றினான். எஞ்சினின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து நெஞ்சை முட்டுக் கொடுத்துத் தள்ளினான். படகு ஒரு பெரிய வளைவாக வளைந்து திரும்பியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொக்கு எஞ்சினை அணைத்தான். படகின் விலாவில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது கரை எதிரில் தெரிந்தது. துறை மேடையில் புள்ளியாக யாரோ குடை பிடித்து நிற்பது போலவும் இருந்தது.

"போனா, யாரு திருப்பினதுன்னு கேப்பாங்க" என்றான்.

"நான்தான்னு சொல்றேன்."

"கேபிள் இறுகிக் கிடக்கு. சக்கரத்தைத் தொட்டாலே தெரிஞ்சிடும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எஞ்சினைப் போடவே வேண்டாம். அலை கொண்டுபோய் விடற வரைக்கும் இப்படியே இருப்போம். யாரும் திருப்பல, தானா மிதந்து வந்தோம்னு சொல்லிடலாம்."

கொக்கு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மிதக்கறதுக்குத் தனி செக்‌ஷன் இருக்கு" என்றான். "மாடியில."